மையவாடிச் சரிவு

உபைதுல்லாவுக்கு அந்த ஊரில் இரண்டு வேலைகள். ஒன்று, இறந்தவர்களுக்குக் கபர் வெட்டுவது. மற்றது, அந்தக் கபர்கள் இருக்கிற மையவாடியில் புல் வெட்டுவது. முதல் வேலையை ஊர் பார்த்தது. மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பும்போது நாலு பேராவது அவர் கையைப் பிடித்து சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாவது வேலையை யாரும் பார்த்ததில்லை. புல் வளர்ந்து கிடந்தால்தான் அப்படியொரு வேலை இருப்பதே ஆட்களுக்கு நினைவுக்கு வரும்.

அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, பட்டுக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். சுற்றிலும் வயல். மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். எந்தக் காலத்திலோ பள்ளிவாசல் குளத்தை வெட்டியவர்கள், அந்த மண்ணை ஒரு பக்கமாகக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் மையவாடியை வைத்துக்கொண்டார்கள். புத்திசாலித்தனமான காரியம்தான். ஆனால் மற்ற பக்கமெல்லாம் கருவேல முள் என்பதால், மய்யித்தோடு மேலே ஏற ஒரே வழி தெற்குப் பக்கத்துச் சரிவு. இரண்டு ஆள் உயரம். ஒரு காலத்தில் அதில் புங்கமும் வேம்பும் நெருக்கமாக நின்றதால் நிழலில் புல் வளரவில்லை. கஜா புயல் ஒரே ராத்திரியில் அத்தனையையும் சாய்த்துப் போட்டது. வெயில் விழுந்ததும் கோரையும் அருகும் தர்ப்பையும் சரிவு முழுக்க ஏறிக்கொண்டன.

வளைகுடாவில் இருக்கும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து புல் வெட்டும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். சமதரையில் அது நன்றாகத்தான் ஓடியது. சரிவில் கால் நிற்காது. ஒரு முறை வழுக்கி, சுற்றுகிற பிளேடோடு உபைதுல்லா கீழே வந்து விழுந்தார். முழங்காலுக்கு நாலு விரல் தள்ளிப் போனது பிளேடு. அதற்குப் பிறகு அரிவாள்தான். சரிவில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றி, ஒரு காலை மடக்கி, கைப்பிடி கைப்பிடியாக அறுக்க வேண்டும். ஏற்கெனவே போன முதுகு அது. ஐந்து நாள் அறுத்தால் பத்து நாள் படுக்கை.

முதுகு போனது ஜித்தாவில். பதினான்கு வருஷம் அங்கே சாலையோரத் தோட்டங்களில் வேலை பார்த்தவர் அவர். தண்ணீர் லாரியிலிருந்து விழுந்துதான் ஊர் திரும்பினார். அங்கே பாலங்களின் இரு பக்கச் சரிவுகளில் யாரும் புல் வெட்டி அவர் பார்த்ததில்லை. குறுக்காக ஒரு பாதை போட்டுவிட்டு, மீதி இடம் முழுக்க வருஷக்கணக்கில் நிற்கிற செடிகளை வைத்துவிடுவார்கள். செடியின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆள் பாதையில் போவான்.

இதையேதான் ஜமாஅத் கூட்டத்தில் அவர் சொன்னார்.

"ஹாஜியார், அந்தச் சரிவுல புல்லை அறுத்து மாளாது. மழைன்னா மய்யித்தைத் தூக்கிட்டு ஏறவும் முடியல. சாய்வா ஒரு பாதையைப் போட்டு, மத்த இடத்துல நின்னு வளர்ற செடியா வச்சிட்டா காலாகாலத்துக்கும் கவலை இல்ல."

தலைவர் லியாகத் அலி கெட்ட மனிதர் இல்லை. சிரித்தபடி கேட்டார்: "மையவாடியில பார்க் வைக்கப் போறியா உபைதுல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அடுத்த கூட்டம் என்பது மூன்று வருஷமாக அடுத்த கூட்டமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னால் ரசியா பேகம் முகத்தைச் சுளிப்பாள். "புல்லு அறுக்க அவங்களைக் கேட்டுட்டா அறுக்கிறீங்க? அதே மாதிரி பாதையையும் போட வேண்டியதுதானே?"

"ஜமாஅத் இடம்டி. நம்ம இஷ்டத்துக்குக் கைவைக்க முடியுமா?"

"வச்சா என்ன பண்ணிடுவாங்க? முதுகு வலிக்கு நான்தானே தைலம் தேய்க்கிறேன், அவங்களா தேய்க்கிறாங்க?"

ரசியா அப்படித்தான் பேசுவாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற புருஷனோடு குடும்பம் நடத்தியவள். மகள் அஃப்ரீனைத் தனியாளாக வளர்த்தவள். அவர் முதுகு ஒடிந்து வந்து இறங்கியபோது ஊரே துக்கம் விசாரித்தது. அவள் மட்டும், "இப்பதான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு" என்றாள்.

அந்தக் கல்யாணம் பதினோரு வருஷம் ஓடியது. பிறகு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தின.

வாரத்துக்கு இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். விடியற்காலை பஸ் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிடும். மறுநாள் முழுக்க அவள் எழுந்திருக்க மாட்டாள். அதற்கு மறுநாள் கொஞ்சம் தேறி, கஞ்சி குடித்து, பேசிக்கொண்டிருப்பாள். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும். மழைக்கு முன்னால் புரட்டாசியில் சரிவை அறுப்பது வழக்கம். அந்த வருஷம் புரட்டாசி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பஸ் மையவாடியைக் கடக்கும்போதெல்லாம் இடுப்பளவு நிற்கிற புல்லை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வர்ற சனிக்கிழமை அறுத்துடணும் என்று நினைத்துக்கொள்வார். சனிக்கிழமை ரசியாவுக்கு மூச்சு வாங்கும்.

ஐப்பசி மழையில் அந்தப் புல் அத்தனையும் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அழுக ஆரம்பித்தது.

கார்த்திகை பிறந்த இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் ரசியா போய்விட்டாள்.

மழை விடவே இல்லை. கபர் வெட்ட உபைதுல்லா மண்வெட்டியை எடுத்தார். அவரோடு எப்போதும் துணைக்கு வருகிற முருகையன் அதைப் பிடுங்கிக்கொண்டார். பக்கத்து ஊர் விவசாயக் கூலி அவர். மழைக்காலத்தில் குழியில் சேரும் தண்ணீரை இறைக்க வந்து, அப்படியே பத்து வருஷமாகச் சேர்ந்து வெட்டுகிறவர்.

"இதை நீங்க வெட்டாதீங்க பாய். வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அஸர் தொழுகை முடிந்து ஜனாஸா தொழுகையும் முடிந்தது. ரசியாவை உள்ளே வைத்துப் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது ரசியாவின் தம்பி அப்துல் ஜலீல் பக்கத்தில் வந்து சொன்னார்: "மச்சான், முதுகு சரியில்லாம நீங்க தூக்க வேணாம். பின்னாடி வாங்க."

"கையை எடு ஜலீலு. நான்தான் தூக்குவேன்."

முன்பக்கம் வலது தோள் அவருடையது. இடது பக்கம் ஜலீல். பின்னால், ரசியாவைப் பார்க்க அஃப்ரீனோடு ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த மருமகன் ஷஹ்பாஸும் இன்னொருவரும். தெரு முழுக்க நன்றாகத்தான் வந்தார்கள். சரிவின் பாதிவரைகூட ஏறிவிட்டார்கள். அழுகிப் படிந்த புல்லின் மேல் அவருடைய வலது கால் போய் நின்றது. நின்ற கால் நிற்காமல் சறுக்கியது.

எண்ணெய்ப் பலகையில் கால் வைத்த மாதிரி அது போனது. அவர் முட்டி தரையில் மோத, முன்பக்கம் சாய்ந்தது. பின்னால் பிடித்திருந்தவர்கள் தாங்கப் பார்த்தார்கள். அவர்கள் காலும் சறுக்கியது. மூடி கழன்றது. கஃபன் துணியில் சுற்றியிருந்த ரசியா வெளியே வழுக்கி, புல்லோடும் சேற்றோடும் இரண்டு முழம் கீழே போய் ஒருபக்கமாகக் கிடந்தாள்.

மழை அவள் மேலேயே பெய்தது. பிறகு இமாம், "பரவாயில்ல, பரவாயில்ல, தூக்குங்க, தூக்குங்க" என்றார். யார் யாரோ ஓடி வந்து தூக்கினார்கள். உபைதுல்லா தோளிலிருந்த துண்டை எடுத்து, துணியில் முகம் இருக்கிற இடத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது. ஜலீல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கபருக்குள் இறங்கி அவளை வாங்கிப் படுக்க வைத்து, கிப்லாவை நோக்கி முகத்தைத் திருப்பும்போதும் அந்தக் கறை கன்னத்துப் பக்கம் இருந்தது.

யாரும் அவரைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இமாம் மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, இதில் பாவம் ஏதுமில்லை, மய்யித்துக்கும் குறை ஏதுமில்லை என்று ஆறுதலாகச் சொன்னார். லியாகத் அலி வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, வெறும் தரையையே பார்த்துவிட்டுப் போனார். ஒருத்தராவது, "புல்லை அறுக்காம என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அழுதாவது இருப்பார். கேட்கவே ஆளில்லாமல் போனதால் அந்தக் கேள்வியை அவரே ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் அஃப்ரீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நடந்ததை அவளிடம் சொல்லக் கூடாது என்று ஆண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் ஊர் வாய் எத்தனை நாள் மூடியிருக்கும்?

"வாப்பா, உம்மா கீழ விழுந்தாங்களாமே."

அவர் தலையை ஆட்டினார்.

பிறகு, "முகம் மண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. படல. சந்தூக்குதான் சாஞ்சுச்சு. உடனே பிடிச்சிட்டோம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி வாப்பா" என்று எழுந்து உள்ளே போனாள். நாற்பது முடிந்ததும் புருஷனோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

தை மாதம் மண் காய்ந்தது. உபைதுல்லா யாரையும் கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால், கஜாவில் இடிந்த மதரஸா சுவரின் செங்கற்கள் குவிந்து கிடந்தன. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிவின் அடியில் கொட்டினார். கொட்டுகிற சத்தம் கேட்டு லியாகத் அலி வந்தார்.

"என்னப்பா இது?"

"பாதை போடுறேன் ஹாஜியார்."

"கமிட்டியில ஒரு வார்த்தை..."

உபைதுல்லா நிமிர்ந்து பார்த்தார். லியாகத் அலி கீழே கிடந்த செங்கலைப் பார்த்தார். "சிமெண்ட் வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வேலை சுலபமாக இல்லை. முதலில் புல்லை வேரோடு எடுக்க வேண்டும். மேலே அறுத்தால் போதாது. கோரை கீழே கிழங்கு விட்டிருக்கும். ஒரு கிழங்கு தப்பினாலும் பத்தாக முளைக்கும். மண்வெட்டியால் கொத்தி, கட்டியை உடைத்து, விரலால் துழாவித் துழாவி எடுத்தார். நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடிந்தது. வயலில் அறுப்பு வேலை இல்லாத நாட்களில் முருகையன் வந்தார். கூப்பிடாமலே வந்தார்.

நேராக ஏறுகிற பாதை கூடாது என்பதில் உபைதுல்லா உறுதியாக இருந்தார். படிக்கட்டும் கூடாது. படி ஏறினால் முன்னால் தூக்குகிறவர் உயர்ந்து, பின்னால் தூக்குகிறவர் தாழ்ந்து, சந்தூக் சாய்ந்துவிடும். சரிவின் குறுக்கே கிழக்கு நோக்கி மெல்ல ஏறி, திரும்பி, மேற்கு நோக்கி ஏற வேண்டும். எவ்வளவு அகலம், திருப்பத்தில் எவ்வளவு இடம் என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் பள்ளிவாசலுக்குப் போய்க் காலி சந்தூக்கை இறக்கி, தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"முருகையா, பின்னாடி பிடி. தூக்கிட்டு நடந்து பாப்போம்."

முருகையன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தயங்கினார். "நான் தொடலாமா பாய்?"

"நீ வெட்டுன குழியிலதானே அவ படுத்திருக்கா. தொடு."

பட்டப்பகலில் இரண்டு பேரும் காலி சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு, அந்த வெற்றுச் சரிவில் ஏறி இறங்கினார்கள். திருப்பத்தில் இடிக்கிற இடத்தில் குச்சி நட்டார்கள். இன்னும் இரண்டடி தள்ளி நட்டார்கள். மறுபடி ஏறினார்கள். சாலையில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏழாவது முறை எங்கும் இடிக்காமல், ஒரு பக்கமும் சாயாமல் மேலே போய்ச் சேர்ந்தது. உபைதுல்லா அதை இறக்கி வைத்துவிட்டு, அதன் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். முருகையன் கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

பங்குனி முடிவதற்குள் செங்கல் பாவி முடிந்தது. ஆறடி அகலம். தண்ணீர் நிற்காமல் ஒருபக்கம் வடிகிற மாதிரி வாட்டம். பாதைக்கு மேலும் கீழும் செடி வைக்க வேண்டிய பருவம் அதுவல்ல என்று அவருக்குத் தெரியும். ஜித்தாவில் அத்தனை வருஷம் அதைத்தானே செய்தார். ஆனாலும் பொறுக்கவில்லை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வெட்டிவேர் நாற்று கொண்டுவந்து வரிசையாக நட்டார். இடையில் நித்தியகல்யாணி, மருதாணி, சோற்றுக்கற்றாழை. ஆடு வாய் வைக்காத செடிகளாகவும், ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் தானே தழைக்கிற செடிகளாகவும் பார்த்துத்தான் வைத்தார். குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். சித்திரை வெயில் முக்கால்வாசியைக் கருக்கிவிட்டது. கற்றாழை மட்டும் நின்றது.

கருகிய செடிகளைப் பிடுங்கிப் போடும்போது, எதுவும் தன் கையில் நிற்காது என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. முருகையன்தான் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஆடி மழை வரப்போவுது பாய். நாத்து எங்க வாங்குனீங்கன்னு சொல்லுங்க, நான் போய் எடுத்தாறேன்" என்றார். ஆடியில் இரண்டாம் முறை நட்டார்கள். அது பிடித்துக்கொண்டது.

புரட்டாசியில் அந்தச் சரிவைப் பார்த்தவர்கள் நின்று பார்த்தார்கள். வெட்டிவேர் முழங்கால் உயரத்துக்கு அரண் மாதிரி நின்றது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக நித்தியகல்யாணி. நடுவே செங்கல் பாதை வளைந்து மேலே போனது. அறுக்க ஒரு பிடி புல் இல்லை. ஐப்பசியில் அடித்துப் பெய்த மழைக்கு, திருப்பத்தில் ஒரு கூடை மண் சரிந்ததோடு சரி.

அந்த மழையில்தான் லியாகத் அலியின் அண்ணன் மௌத்தானார். கனத்த உடம்பு. எட்டு பேர் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். உபைதுல்லா கீழே மையவாடி வாசலில் நின்று பார்த்தார். ஒரு கால்கூடத் தடுமாறவில்லை. திருப்பத்தில் சந்தூக் தண்ணீரில் மிதக்கிற மாதிரி திரும்பி, ஒரே மட்டமாக மேலே போனது. அடக்கம் முடிந்து இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்தார்கள். "உபைதுல்லா காக்கா, நீங்க செஞ்சது பெரிய சவாப்" என்றார்கள். லியாகத் அலி அழுத கண்களோடு அவரைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இனிமே நம்ம ஊர்ல ஒரு மய்யித்தும் வழுக்காதுப்பா."

உபைதுல்லா தலையை ஆட்டினார். இனிமே என்ற அந்த ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. பாதை முடிந்தால் ஏதோ ஒன்று முடியும் என்று இத்தனை மாதமாக, தன்னையறியாமல், நம்பிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு செங்கல்லாக வைத்தபோது அவர் அந்த வியாழக்கிழமைக்குள்தான் அதை வைத்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் பாதை இருக்கும், கால் நிற்கும், ரசியா விழமாட்டாள். இப்போது பாதை இருக்கிறது. யாருடைய அண்ணனோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வியாழக்கிழமை இருந்தபடியேதான் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அஃப்ரீன் வீடியோவில் கூப்பிட்டாள். அவர் சரிவில் இருந்தார். "இங்க பாரும்மா" என்று போனைத் திருப்பி, கீழேயிருந்து மேல்வரை மெதுவாகக் காட்டினார். பூவைக் காட்டினார். திருப்பத்தைக் காட்டினார்.

"அஃப்ரீன்? தெரியுதா?"

"தெரியுது வாப்பா. போதும்."

அவர் போனைத் தன் பக்கம் திருப்பினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷஹ்பாஸ் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க வாப்பா. இங்க வந்த மறு வாரமே சொல்லிட்டாங்க."

அவர் பாதை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் மறைச்சீங்கன்னு நான் கேக்கல. கேட்டது என் தப்புதான். ஆனா அந்த இடத்தை எனக்குக் காட்டாதீங்க வாப்பா. எவ்ளோ பூ வச்சாலும் எனக்கு அது தெரிய மாட்டேங்குது. வேற எது தெரியுதுன்னு உங்களுக்கே தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

"மருந்து?"

"போட்டேன்."

"சரி. வச்சிடவா?"

வாரா வாரம் அவள் கூப்பிடுகிறாள். சாப்பாடு கேட்பாள், மருந்து கேட்பாள், முதுகு கேட்பாள். குறையொன்றும் சொல்ல முடியாது. வைக்கும்போது இரண்டு பேருமே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

கபர் வெட்டுவதை உபைதுல்லா விட்டுவிட்டார். முதுகைக் காரணம் சொன்னார். ஜமாஅத்தும் அதை ஏற்றுக்கொண்டது. புல் வெட்டும் வேலை தானாகவே இல்லாமல் போயிற்று. இப்போது அவருக்கு அந்த ஊரில் வேலை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் மையவாடிக்குத்தான் போகிறார். மய்யித்து வருகிற நாளில் மட்டும் போக மாட்டார். பாதையை மற்ற எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அவர் ரசியாவிடம் போவதற்கு அதில் ஏறுவதில்லை. வடக்கு வேலியைச் சுற்றி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, பின்பக்கமாக ஏறிப் போகிறார். முள் கிழித்த காலோடு வீடு திரும்புகிறவரைப் பார்த்து ஒரு நாள் முருகையன் கேட்டார்.

"அவ்ளோ பாடுபட்டுப் போட்ட பாதை பாய். நீங்க மட்டும் ஏன் சுத்திப் போறீங்க?"

"கால் நிக்க மாட்டேங்குது முருகையா" என்றார் உபைதுல்லா.